பாட்டி வீட்டுக் கொலுப் பெட்டி

சேகர் மாமா: பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கிவிட்டேன். அம்மாவின் பொம்மைகள் எல்லாம் பழைய வேட்டித் துணிக்குள் அப்படியே இருக்கின்றன. போட்டோ பாருங்கள்.

நித்யா: செட்டியாருக்கு மூக்கு போய்விட்டதே மாமா 😢

கார்த்தி அண்ணா: எல்லாமே வெளுத்துவிட்டன. மதுரைப் பக்கம் விளாச்சேரி பொம்மைக்காரர்களிடம் கொடுத்தால் நவராத்திரிக்குள் புதுசாகப் பெயிண்ட் அடித்துத் தருவார்கள். கேட்கட்டுமா?

விஜி சித்தி: வேண்டாம் கார்த்தி. அடிப்பக்கத்தையும் சேர்த்துப் பூசிவிடுவார்கள். சேகர் அண்ணா, செட்டியாரைத் திருப்பி ஒரு போட்டோ எடேன்.

சேகர் மாமா: பென்சிலில் ஏதோ இருக்கிறது. "75 ந.பை."

விஜி சித்தி: நயா பைசா! அந்தக் காசு வந்தது 1957 ஏப்ரலில். 1964 ஜூனில் "நயா"வை எடுத்துவிட்டார்கள். அந்த ஏழு வருஷத்துக்குள் வாங்கிய பொம்மை இது. மேலே பெயிண்ட் ஏறியிருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

சரசு பெரியம்மா: மதுரைப் புதுமண்டபத்துப் பக்கம் அப்பா வாங்கி வந்தது. வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வைக்க வேண்டும் என்பாள் அம்மா. அந்த வருஷம் கையில் இருந்த காசுக்குச் செட்டியார் மட்டும்தான். செட்டிச்சி அடுத்த நவராத்திரிக்குத்தான் வந்தாள், அதுவும் வேறு கடையிலிருந்து. பாருங்கள், அவரைவிட அவள் ஒரு விரல் உயரம்!

நித்யா: ஆமாம்! பெரிதாக்கிப் பார்த்தேன் ❤️

சேகர் மாமா: காந்தி பொம்மை எடையே இல்லையே அக்கா?

சரசு பெரியம்மா: அது காகிதக் கூழ். மேல வீட்டு டீச்சர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்தார். எங்கள் தெருவில் ஊர் மாறிப் போகிறவர்கள் ஒரு பொம்மையை யார் வீட்டிலாவது விட்டுப் போவார்கள். தாலாட்டும் யசோதையும் அப்படி வந்தவள்தான்.

சேகர் மாமா: மரப்பாச்சி ஜோடிக்கு ஒரு பழைய சாமான் வியாபாரி நல்ல விலை சொல்கிறார்.

விஜி சித்தி: கொடுத்துவிடாதே அண்ணா. அது செஞ்சந்தனம். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் வேறு மரம். அம்மா கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது.

சரசு பெரியம்மா: பெண் மரப்பாச்சியின் தலையில் பல் தடம் இருக்கும் பார். பல் முளைக்கும்போது சேகர் கடித்தது.

சேகர் மாமா: இருக்கிறது அக்கா. வியாபாரிக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கார்த்தி அண்ணா: சரி, பெயிண்ட் வேண்டாம். ஈரத் துணியால் துடைக்கவாவது செய்யலாமா?

விஜி சித்தி: ஐயோ, தண்ணீர் பட்டால் அந்தக் காலத்துக் கலர் கரைந்து வந்துவிடும். மெல்லிய உலர்ந்த பிரஷ் போதும். அப்புறம், ஆளுக்குக் கொஞ்சம் என்று செட்டைப் பிரிக்க வேண்டாம். தசாவதாரத்தில் ஏற்கெனவே வராகத்தைக் காணோம்.

நித்யா: வராகம் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது சித்தி! அம்மா ஞாபகமாக எடுத்து வந்தாளாம். கொண்டு வருகிறேன். பெரியம்மா, ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். யார் வாங்கியது, யார் கொடுத்தது எல்லாம் நான் எழுதி வைக்கிறேன்.

சரசு பெரியம்மா: இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஆரம்பிக்கிறேன்.

சேகர் மாமா: நித்யா, வராகத்தைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வா. பையில் போடாதே. பெட்டிக்கு வசம்பு வாங்கி வைக்கிறேன்.