முதல் டிஎஸ்எல்ஆர்: கிட் லென்ஸா, 35 மி.மீ. பிரைம் லென்ஸா?

புதுவிழி:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை கைப்பேசியிலேயே படமெடுத்துப் பழகிய நான், என் முதல் டிஎஸ்எல்ஆரை வாங்கப் போகிறேன். தெரிந்தவர் ஒருவர் தாம் அதிகம் பயன்படுத்தாத நிக்கான் டி3500 பாடியைத் (லென்ஸ் இல்லாத கேமராவை) தர முன்வந்திருப்பதால், எந்தக் கேமரா என்ற கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது, லென்ஸ்தான் முடிவாகவில்லை. அவரிடம் கேமராவோடு சேர்ந்து வரும் 18–55 மி.மீ. கிட் லென்ஸும் (ஜூம் வகை), ஜூம் வசதி இல்லாத 35 மி.மீ. எஃப்/1.8 பிரைம் லென்ஸும் இருக்கின்றன. இப்போதைக்கு இரண்டில் ஒன்றைத்தான் என்னால் வாங்க முடியும். எனக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மாலையில் விளக்கு வெளிச்சத்தில் அவள் ஓடியாடுவதைப் படமெடுப்பதே என் முதல் விருப்பம். வெளியூர் செல்லும்போது பழைய கட்டடங்களையும் எடுக்க ஆசைப்படுகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

ஒளிக்காதலன்:

தயங்காமல் 35 மி.மீ. லென்ஸை வாங்குங்கள். கிட் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் துளை (ஒளி நுழையும் திறப்பு) எஃப்/5.6க்கு மேல் திறக்காது; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். எஃப்/1.8 அதைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடுகிறது. வீட்டு விளக்கு வெளிச்சத்தில் அந்த ஒன்பது மடங்குதான் படம் தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்யும்.

இன்னொன்றையும் என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். கேமரா வாங்கிய முதல் ஆறு மாதங்களில் கிட் லென்ஸில் எடுத்த படங்களையெல்லாம் ஒரு நாள் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எந்தக் குவியத் தூரத்தில், அதாவது எத்தனை மி.மீ. அளவில், எடுக்கப்பட்டது என்று பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே 18 மி.மீ. அல்லது 55 மி.மீ.; இடைப்பட்ட அளவுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய படங்களே இருந்தன. நான் காட்சியைப் பார்த்து முடிவெடுத்திருக்கவில்லை, வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பிரைம் லென்ஸுக்கு மாறிய பிறகே முன்னே செல்வது, பின்னே வருவது, குனிவது ஆகியவற்றைக் கற்றுக்கொண்டேன். நம் கால்களே நமக்கு ஜூம் என்பதைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

முக்காலி:

நண்பர் ஒளிக்காதலன் அவர்களின் கணக்கை முதலில் திருத்த வேண்டியிருக்கிறது. 35 மி.மீ. லென்ஸை, 55 மி.மீ.க்கு நீட்டிய கிட் லென்ஸோடு ஒப்பிடுவது முறையாகாது. அதே கிட் லென்ஸை 35 மி.மீ. அளவில் வைத்தால் துளை சுமார் எஃப்/4.5 வரை திறக்கும். ஆகவே வேறுபாடு ஆறு மடங்குதான். 18 மி.மீ. அளவில் எஃப்/3.5 கிடைப்பதால் அங்கே வேறுபாடு நான்கு மடங்குக்கும் குறைவு.

"கால்களே ஜூம்" என்ற வாசகத்தைப் புதியவர்களிடம் யார் சொன்னாலும் நான் மறுப்பேன், ஏனென்றால் அது பாதி உண்மை. நாம் நகரும்போது பொருள் பெரிதாவதோடு, அதன் உறுப்புகளுக்கிடையே உள்ள விகிதமும் மாறிவிடுகிறது. ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம். மூக்கு நுனியிலிருந்து காது 10 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அரை மீட்டர் தொலைவில் நின்று எடுக்கும்போது காதோடு ஒப்பிட மூக்கு ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகப் பதிகிறது. 2 மீட்டர் தொலைவில் நின்றால் இருபதில் ஒரு பங்குதான். இந்த விகிதத்தை லென்ஸ் தீர்மானிப்பதில்லை, நாம் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. ஆகவே முறைப்படி கற்க விரும்புகிறவர் எங்கே நிற்பது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து எவ்வளவு காட்சியைச் சட்டத்துக்குள் அடக்குவது என்பதற்காக வளையத்தைத் திருப்ப வேண்டும். அதற்கு ஜூம் லென்ஸைப் போன்ற ஆசிரியர் வேறில்லை. இரண்டு கோடிகளுக்கும் மாறி மாறித் திருப்பியது தங்களுடைய பழக்கத்தின் குறையே தவிர லென்ஸின் குறை அன்று.

கட்டடத்தையும் பாருங்கள். டி3500இன் சென்சார் 23.5 மி.மீ. அகலம் கொண்டது. 20 மீட்டர் அகலமுள்ள ஒரு முகப்பை 35 மி.மீ. லென்ஸில் முழுவதுமாக அடக்க ஏறக்குறைய 30 மீட்டர் பின்னால் செல்ல வேண்டும்; 18 மி.மீ.க்கு 15 மீட்டரே போதும். பின்னால் மதிலோ சாலையோ இருந்தால் கால்கள் என்ன செய்ய முடியும்?

ஒளிக்காதலன்:

ஆறு மடங்கு என்ற திருத்தத்தை ஏற்கிறேன். என் ஒப்பீடு பிழையானது. ஆனால் அந்த ஆறு மடங்கையே வைத்துக்கொண்டு கேட்கிறேன். ஓர் அறையில் எஃப்/4.5 வைத்து 1/20 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கிறது என்றால், அதே ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவில்) எஃப்/1.8 வைத்து 1/125 நொடி கிடைக்கும். 1/20 நொடியில் இரண்டு வயதுக் குழந்தையின் கை வெறும் தீற்றலாகத்தான் பதியும். கிட் லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்று அடுத்து யாராவது சொல்லக்கூடும். அது நம் கையின் நடுக்கத்தைத் தாங்குமே தவிர, குழந்தையின் ஓட்டத்தை நிறுத்தாது. புதுவிழி அவர்கள் தம் முதல் விருப்பம் மகள்தான் என்று தெளிவாக எழுதியிருக்கும்போது, கட்டடத்தை முன்னிறுத்தி அவருக்கு லென்ஸ் தேர்ந்தெடுப்பது நியாயமாகப் படவில்லை.

முக்காலி:

மகளை முன்னிறுத்தியே பேசுகிறேன். 35 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் வைத்து 1 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே. குழந்தை ஓர் அடி முன்னே வைத்தாலும் முகம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். டி3500இல் இருப்பவை 11 ஃபோகஸ் புள்ளிகள். அவற்றிலும் நடுப்புள்ளி ஒன்றுதான் கிடைக்கோடு, நிலைக்கோடு இரண்டையும் உணரும் குறுக்கு வகையைச் சேர்ந்தது. அந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு ஓடும் குழந்தையின் கண்ணைப் பிடிப்பது பழகிய கைக்கே கடினம். அசைவினால் கெடும் படங்களுக்குப் பதிலாக, ஃபோகஸ் தவறிக் கெடும் படங்கள் அவருக்குக் கிடைக்கும். அந்த 1/20 நொடி ஐஎஸ்ஓ 1600இல் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றத் தயங்காமல் இருந்தால் கிட் லென்ஸிலேயே 1/80 நொடியை எட்டிவிடலாம்.

மழைக்குருவி:

இடையில் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளவும். கேனானும் நிக்கானும் 2018ஆம் ஆண்டிலேயே உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கென ஆர்எஃப், இஸட் என்ற புதிய மவுண்ட்களை (லென்ஸைப் பொருத்தும் அமைப்புகளை) கொண்டுவந்துவிட்டன. புதிய லென்ஸ்களும் அவற்றுக்கே வருகின்றன. ஓடும் குழந்தையின் கண்ணைத் தானாகவே தேடிப் பிடிக்கும் கேமராக்கள் இருக்கும்போது, 11 புள்ளிகளோடு ஏன் போராட வேண்டும்? லென்ஸைப் பற்றிய இந்த விவாதத்துக்கு முன்பே கேமராவைப் பற்றி ஒரு விவாதம் நடந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முக்காலி:

கண்ணைப் பின்தொடரும் வசதியைப் பற்றித் தாங்கள் சொல்வது உண்மைதான். அதற்காகச் செலவிட முடிந்தவர் மிரர்லெஸ் வாங்கலாம். ஆனால் இவருக்குக் கிடைக்கப்போவது அதிகம் புழங்காத ஒரு பாடி. கண்ணாடியின் வழியே காட்சியை நேரடியாகப் பார்க்கலாம். ஒரு முறை சார்ஜ் செய்தால் 1,550 படங்கள் எடுக்கலாம் என்பது அறிவிக்கப்பட்ட அளவு. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959 முதல் இருந்து வருவதால் பழைய லென்ஸ்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை. டி3500 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஆகவே நிக்கான் லென்ஸ்களில், உள்ளேயே மோட்டார் கொண்ட ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி போன்ற வகைகளே இதில் தானாக ஃபோகஸ் செய்யும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை வாங்கினால் ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் வளையத்தைத் திருப்ப வேண்டும். நாம் பேசிக்கொண்டிருக்கும் 35 மி.மீ. எஃப்/1.8 டிஎக்ஸ் லென்ஸ் ஏஎஃப்-எஸ் வகை என்பதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை.

ஒளிக்காதலன்:

பாடியைப் பற்றி முக்காலி அவர்கள் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். 24 மெகாபிக்சல் கொண்ட எந்தத் தொடக்கநிலைப் பாடியும் 6000 புள்ளி அகலத்துக்கு 4000 புள்ளி உயரம் தருகிறது. 12 அங்குலத்துக்கு 8 அங்குலம் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும், 3600க்கு 2400 போதும். புதியவர்கள் பாடிகளின் எண்களை ஒப்பிட்டே மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

ஃபோகஸ் தவறும் என்ற வாதத்துக்கு வருகிறேன். பிரைம் லென்ஸ் வைத்திருப்பவர் எப்போதும் எஃப்/1.8இலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எஃப்/2.5க்குக் குறைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. கிட் லென்ஸ்காரருக்கோ எஃப்/2.5க்குத் திறக்கும் வழியே கிடையாது.

புதுவிழி:

எல்லாருக்கும் நன்றி. பேசுவதோடு நிறுத்தாமல் செய்து பார்த்துவிடலாம் என்று எண்ணி, கேமராவையும் கிட் லென்ஸையும் அவரிடமிருந்து இரண்டு நாட்களுக்கு இரவலாக வாங்கிவந்தேன். ஜூம் வளையம் நகராதபடி 35 மி.மீ. அளவில் காகித டேப்பால் ஒட்டிவிட்டு, முதல் நாள் மாலை மகளை ஐஎஸ்ஓ 1600இல் எடுத்தேன். பெரும்பாலும் 1/20 நொடிதான் கிடைத்தது. 80 படங்களில் முகம் தெளிவாக இருந்தவை 7. அந்த ஏழிலும் அவள் பொம்மையின் சட்டைப் பொத்தானைக் கழற்ற முயன்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் முக்காலி ஐயா சொன்னபடி ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினேன். 80க்கு 31 தேறின. ஆனால் அவள் தலைமுடி தனித்தனி இழையாகத் தெரியாமல் ஒரே பூச்சாகிவிட்டது, கைகள் அப்போதும் மங்கலாகவே பதிந்தன.

நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஒட்டிய வளையத்தைத் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் வீட்டுக்குள் ஒரு முறைகூட எழவில்லை. மாறாக, இரண்டாம் நாள் பகலில் ஒரு பழைய கட்டடத்தின் முன் நின்றபோது, முகப்பில் பாதிகூட அடங்காமல் டேப்பைக் கிழித்துவிட்டேன். இருவர் சொன்னதும் சரியாகவே இருந்தது. மகள் இந்த வயதில் நிற்கப்போவதில்லை, கட்டடம் அங்கேயே இருக்கும் என்பதால் 35 மி.மீ. லென்ஸை வாங்க முடிவு செய்திருக்கிறேன்.

முக்காலி:

தொடக்கநிலையாளருக்குக் கிட் லென்ஸே முதலில் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் தங்கள் வீட்டின் வெளிச்சத்தைத் தாங்களே அளந்துவிட்ட பிறகு அதை வலியுறுத்த மாட்டேன். லென்ஸை வாங்கும் முன், பின்புறமிருந்து ஒரு விளக்கை நோக்கிப் பிடித்து, உள்ளே சிலந்தி வலை போன்ற பூஞ்சை இழைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். துளையின் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. பின்னாளில் கிட் லென்ஸ் வாங்கும்போது விஆர் என்ற எழுத்துகள் இருப்பதைத் தேடி வாங்குங்கள். அதிர்வுத் தடுப்பு இல்லாத 18–55 ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

முதல் மாலைக்கு எஃப்/1.8 வேண்டாம். தாங்கள் சொன்ன 1/20 நொடிக் கணக்கிலிருந்து பார்த்தால், எஃப்/2.5, ஐஎஸ்ஓ 3200 என்று வைத்தால் 1/125 நொடி கிடைத்துவிடும். தொடர் ஃபோகஸ், நடுப்புள்ளி. தெளிவின் ஆழம் வேண்டும் என்பதால் 1 மீட்டர் அருகில் செல்லாமல் ஒன்றரை மீட்டரில் தரையில் அமர்ந்துகொள்ளுங்கள், அங்கே 18 செ.மீ. வரை கிடைக்கும். மகளின் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்கிவிட்டு, அவள் தங்களை நோக்கி ஓடிவரும்போது அன்றி, குறுக்கே போகும்போது முதலில் எடுத்துப் பழகுங்கள்.