கோல்ஃப் பரிசுப் பணத்தை வைத்துத் தலைமுறைகளை ஒப்பிடுவது: கணக்குத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூரில் சாம் ஸ்னீட், டைகர் உட்ஸ் இருவருக்கும் 82 வெற்றிகள். வாழ்நாள் பரிசுத்தொகை ஸ்னீடுக்குச் சுமார் 6.2 லட்சம் டாலர், உட்ஸுக்கு 12 கோடிக்கும் மேல். அப்படியே ஒப்பிட்டால் அபத்தம்தான்.

விலைவாசிக் குறியீடும் போதவில்லை. 1963 மாஸ்டர்ஸ் போட்டியில் ஜாக் நிக்லஸ் வென்றது 20,000 டாலர். 2024 விலையில் அது சுமார் 2,05,000. 2024இல் அதே போட்டியை வென்ற ஸ்காட்டி ஷெஃப்லர் பெற்றது 36 லட்சம். பரிசுத்தொகை விலைவாசியைவிடப் பல மடங்கு வேகமாக ஏறியிருக்கிறது.

அதனால் டாலரை விட்டுவிட்டு, ஒவ்வொரு போட்டியிலும் பிடித்த இடத்துக்கு, மொத்தப் பரிசுத்தொகையில் இன்று அந்த இடத்துக்குக் கிடைக்கும் பங்கு விகிதத்தைப் போடுகிறேன்: முதலிடத்துக்கு 18%, இரண்டாவதுக்கு ஏறத்தாழ 11%, மூன்றாவதுக்கு 7%. சமநிலை என்றால் அந்த இடங்களின் பங்குகளைக் கூட்டிச் சமமாகப் பிரிக்க வேண்டும். பிளேஆஃப் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) நடந்த முதலிடத்துக்கு இது பொருந்தாது.

சிக்கல் இரண்டு. எல்லாப் போட்டிக்கும் ஒரே மொத்தத்தொகை வைத்தால் மேஜரும் (மாஸ்டர்ஸ் போன்ற நான்கு பெரிய போட்டிகள்) சாதாரணப் போட்டியும் ஒன்றாகிவிடும். எடை எப்படித் தருவது? 1980க்கு முந்தைய போட்டிகளின் முழு இடவரிசை, சமநிலை விவரத்தோடு, அட்டவணையாக எங்கே கிடைக்கும்? வெற்றியாளர் பட்டியல் மட்டும் போதாது.