ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் தேர்வு: செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளுக்கான அறிவுரை பொருந்துமா?

கேட்டவர்: சோழவந்தான் தோப்பு

அனைவருக்கும் வணக்கம். சோழவந்தானில் எங்கள் தென்னந்தோப்புக்குள் காகித இலக்கு வைத்துச் சுட்டுப் பழகி வருகிறேன். என்னிடம் இருப்பது குழலை மடக்கி ஏற்றும் வகையைச் சேர்ந்த 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். இலக்கைப் பெரும்பாலும் 10 மீட்டரிலிருந்து 40 மீட்டருக்குள் வைக்கிறேன். வரப்பை ஒட்டி வைத்தால் 50 மீட்டர் வரை கிடைக்கும். வயது ஐம்பதை நெருங்குவதால் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் ஒருசேரத் தெளிவாகப் பார்க்க முடிவதில்லை. ஆகவே ஸ்கோப் (தொலைநோக்கிக் குறிகாட்டி) ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்து, யூடியூபில் கிடைத்த விளக்கங்களையெல்லாம் பார்த்தேன். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) வைத்திருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. அவர்கள் மெச்சிப் பேசும் வகையில் ஒரு 4-16x50 ஸ்கோப் (4 முதல் 16 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. முன்லென்சு) இணையத்தில் கிடைக்கிறது. விலை ஏறத்தாழ என் ரைஃபிளின் விலைக்கே வருகிறது. இடமாறு தோற்றம் 100 கெஜத்துக்கு நிலையாக அமைக்கப்பட்டுள்ளது என்று அதன் விவரக்குறிப்பில் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய ரைஃபிளின் அதிர்வைத் தாங்கும் ஸ்கோப் ஏர் ரைஃபிளுக்குத் தாராளமாகப் போதும் என்று நினைக்கிறேன். இந்த எண்ணம் சரிதானா, 16 மடங்கு உருப்பெருக்கம் எனக்குப் பயன்படுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஒத்தக்கடை

வணக்கம் ஐயா. பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டது நல்லது. அந்த ஸ்கோப்பை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. தரத்தில் குறை சொல்லவில்லை. அது செய்யப்பட்ட தூரமும் அதிர்வும் வேறு, உங்கள் தோப்பின் தூரமும் உங்கள் ரைஃபிளின் அதிர்வும் வேறு.

முதலில் அதிர்வைப் பார்ப்போம். வெடிமருந்துத் தோட்டா சுடும் ரைஃபிள், செமி ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் கையால் போல்ட் இழுப்பதாக இருந்தாலும், முதன்மையாகப் பின்னோக்கியே உதைக்கும். அதற்கான ஸ்கோப்பில் லென்சுகளும் குறுக்குக் கம்பியும் அந்த ஒரு திசை உதையைத் தாங்கும்படி இருந்தால் போதுமானது. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் நடத்தை அப்படியில்லை. விசையை இழுத்தவுடன் ஸ்பிரிங் தள்ள, கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்வதால் ரைஃபிள் பின்னால் தள்ளப்படுகிறது. அடுத்த கணமே பிஸ்டன் காற்றறையின் முனையில் வந்து நிற்க, ரைஃபிள் முழுவதும் முன்னோக்கிச் சுண்டப்படுகிறது. இந்த இரண்டாவது சுண்டல்தான் ஸ்கோப்பைக் கெடுப்பது. தோளில் உதையே தெரியாத ஏர் ரைஃபிள், பெரிய ரைஃபிளில் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஸ்கோப்பின் உள்லென்சைக் கழற்றிவிடக்கூடியது என்பதைப் புதியவர்கள் நம்ப மறுக்கிறார்கள். விவரக்குறிப்பில் ‘ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு ஏற்றது’ என்று தயாரிப்பாளரே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதாத எந்த ஸ்கோப்பையும், விலை எவ்வளவானாலும், நான் இவ்வகை ரைஃபிளில் பூட்டமாட்டேன்.

அடுத்தது இடமாறு தோற்றம். உங்கள் விஷயத்தில் உருப்பெருக்கத்தைவிட இதற்கே கூடுதல் கவனம் தர வேண்டும். ஸ்கோப்புக்குள் இலக்கின் பிம்பமும் குறுக்குக் கம்பியும் ஒரே தளத்தில் விழுந்தால், கண்ணைச் சற்று அசைத்தாலும் கம்பி இலக்கைவிட்டு நகராது. ஒரு நிலையான தூரத்துக்கு அமைக்கப்பட்ட ஸ்கோப்பில் இந்தப் பொருத்தம் அந்தத் தூரத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும். மற்ற தூரங்களில் நேரக்கூடிய அதிகபட்சப் பிழையைக் கணக்கிட எளிய வழி உண்டு: முன்லென்சின் விட்டத்தில் பாதியை எடுத்து, இலக்கின் தூரத்துக்கும் அமைக்கப்பட்ட தூரத்துக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கி, அமைக்கப்பட்ட தூரத்தால் வகுக்க வேண்டும். நீங்கள் சொல்லும் ஸ்கோப்பில் முன்லென்சு 50 மி.மீ.; 100 கெஜம் என்பது சுமார் 91 மீட்டர். 20 மீட்டரில் இலக்கை வைத்தால் 25 மி.மீ.யை 71-ஆல் பெருக்கி 91-ஆல் வகுக்க, ஏறத்தாழ 2 செ.மீ. வருகிறது. கண் ஓரமாக நின்றால் குறி அவ்வளவு விலகலாம் என்று பொருள். ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவுக்குள் பெல்லட்டுகளை (ஏர் ரைஃபிள் குண்டுகளை) சேர்க்க முயலும் ஒருவருக்கு இது பெரும் பிழை. அதோடு, 16 மடங்கில் 20 மீட்டர் இலக்கு கலங்கலாகத்தான் தெரியும்.

எனவே, இடமாறு தோற்றத்தை 10 மீட்டர் அல்லது 10 கெஜம் வரை இறக்கித் திருத்தக்கூடிய வளையம் முன்லென்சைச் சுற்றியோ, பக்கவாட்டுக் குமிழாகவோ உள்ள ஸ்கோப்பைத் தேடுங்கள். 3-9x40 அளவு உங்களுக்கு நிறைவாக இருக்கும். வெளிச்சக் கணக்கும் இதற்கே சாதகம். முன்லென்சின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 4-16x50-ஐ 16 மடங்கில் வைத்தால் 3 மி.மீ.தான், 3-9x40-ஐ 6 மடங்கில் வைத்தால் 6.7 மி.மீ. மாலை ஐந்தரை மணிக்குமேல் தென்னை நிழலில் இந்த வேறுபாட்டை நன்றாகவே உணர்வீர்கள். கற்றை அகலமாக இருந்தால் கண்ணைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் எளிது.

பெரிய உருப்பெருக்கமே வீண் என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் வளர்ந்த ஃபீல்டு டார்கெட் போட்டியில் 8 முதல் 55 கெஜம் வரை, தூரம் சொல்லப்படாத இலக்குகளை ஏர் ரைஃபிளால் சுட வேண்டும். அங்கே போட்டியாளர்கள் மிகப் பெரிய உருப்பெருக்கத்தில் பக்கக் குமிழைத் திருப்பி, பிம்பம் எந்த எண்ணில் தெளிகிறது என்பதைக் கொண்டே தூரத்தை அளந்துகொள்கிறார்கள். உங்கள் தோப்பில் தூரத்தை நாடாவால் அளந்து கல் நட்டுவிடலாம். அதற்காகப் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை.

பதில்: ரேஸ் கோர்ஸ் சாலை

ஒத்தக்கடை அண்ணன் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் மதுரையில் சிறுவர் சிறுமியருக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் கற்றுக்கொடுப்பவள் என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரேனும் இதைப் பார்த்து ஆர்வம் கொண்டு போட்டிக்குப் போக விரும்பினால், அவர்களை ஸ்கோப்பில் பழக்கிவிடாதீர்கள். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் 50 மீட்டர் ரைஃபிளிலும் தொலைநோக்கிக் குறிகாட்டிக்கு இடமில்லை. சிறு துளை வழியாகப் பார்க்கும் பின்குறியும் வளைய முன்குறியும்தான். 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் 0.5 மி.மீ. மட்டுமே. 2008-இல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் பதக்கங்கள் குவிப்பதும் இந்தத் துளைக் குறியால்தான். ஓடும் இலக்குப் பிரிவில் மட்டும் ஸ்கோப்புக்கு அனுமதி உண்டு. அதிலும் 10 மீட்டர் போட்டியில் 4 மடங்குக்கு மேல் கூடாது.

உங்கள் கண்ணுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. துளை சிறியதாக இருப்பதால் அருகிலுள்ள முன்குறியும் தொலைவிலுள்ள இலக்கும் சேர்ந்தே ஓரளவு தெளிவாகத் தெரியும். வயது காரணமாகக் கிட்டப் பொருள் மங்குகிறவர்கள் பலருக்கு இது கைகொடுத்திருக்கிறது. 10 மீட்டரில் மட்டும் சுடுவதானால் நான் ஸ்கோப்பைவிடத் துளைக் குறியைத்தான் பரிந்துரைப்பேன். 50 மீட்டர் வரை மாற்றி மாற்றிச் சுடுகிறீர்கள் என்பதால் ஸ்கோப் சரியே.

தோப்பில் சுடுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 4.5 மி.மீ.க்கு மேற்படாத விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஆனால் தோப்புக்கு வரும் மயிலையோ முயலையோ குறிவைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நீங்கள் காகித இலக்கு என்று எழுதியிருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். இலக்குக்குப் பின்னால் நல்ல உயரமான மண்கரை இருக்கட்டும். தென்னை மரத்தில் இலக்கை அறையாதீர்கள், கடினமான பரப்பில் பட்ட பெல்லட் திரும்பி வரும்.

பதில்: உசிலம்பட்டி – டெக்சாஸ்

வணக்கம். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். வேலை காரணமாக டெக்சாசில் இருக்கிறேன். இங்கே செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வைத்துச் சுடுகிறவன் என்ற முறையில், நீங்கள் பார்த்த விளக்கங்கள் எதை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை என்பதை எடுத்துச் சொன்னால் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன்.

இங்கே பரவலாக உள்ள ஏஆர்-15 வகை செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் தோள்கட்டை குழலின் நேர்கோட்டிலேயே அமைந்திருப்பதால், கன்னத்தை வைத்தால் கண் குழலைவிட நன்கு உயரத்தில் நிற்கும். அதனால் அங்கே குறிகாட்டியைக் குழலின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 2.6 அங்குலம் உயர்த்திப் பூட்டுவது வழக்கம். அந்த உயர மவுண்ட்டை (ஸ்கோப்பை ரைஃபிளில் பூட்டும் தாங்கியை) அப்படியே வாங்கி உங்கள் மரக்கட்டை ஏர் ரைஃபிளில் பூட்டினால் கன்னம் கட்டையில் படாமல் தலை அந்தரத்தில் நிற்கும். ஒத்தக்கடை நண்பர் சொன்ன இடமாறு தோற்றப் பிழை அதனாலேயே இரட்டிப்பாகத் தொல்லை தரும். மேலும் இங்கே பலர் 1-6x24 போன்ற ஸ்கோப்பை விரும்புவது, ஒன்று என்ற நிலையில் இரு கண்களையும் திறந்தபடி அருகிலுள்ள அடுத்தடுத்த இலக்குகளுக்கு விரைவாக மாறவும், தேவைப்படும்போது 200, 300 கெஜத்தில் உள்ள இலக்குத் தகட்டைப் பார்க்கவும்தான். ஒவ்வொரு பெல்லட்டுக்கும் குழலை மடக்கி ஏற்றும் உங்களுக்கு அந்த வேகத்தால் எந்தப் பயனும் இல்லை. சிவப்புப் புள்ளிக் குறிகாட்டியையும் சிலர் பரிந்துரைத்திருப்பார்கள். உருப்பெருக்கம் இல்லாத அந்தப் புள்ளி 40 மீட்டரில் சிறு இலக்கை மறைத்துவிடும், சிதறல் பார்வை உள்ளவர்களுக்குப் புள்ளியே வால்முளைத்துத் தெரியும்.

இங்கிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளத்தக்கது மவுண்ட்டில் காட்டும் கவனம்தான். இங்கே யாரும் விலையுயர்ந்த ஸ்கோப்பை மலிவான மவுண்ட்டில் பூட்டுவதில்லை. ஆனால் இங்குள்ள ரைஃபிள்களில் இருப்பது பிகாட்டினி ரெயில் (குறுக்கே பள்ளங்கள் வெட்டிய அகலமான மவுண்ட் தண்டவாளம்). உங்களுடையதில் 11 மி.மீ. டவ்டெயில் பள்ளமாக (மவுண்ட் கவ்விக்கொள்ளும் நீளவாட்டுச் சரிவுப் பள்ளம்) இருக்கக்கூடும். அளந்து பார்த்து வாங்குங்கள்.

கேட்டவர்: சோழவந்தான் தோப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அளந்து பார்த்தேன், 11 மி.மீ. டவ்டெயில்தான். அந்த 4-16x50-ஐ விட்டுவிட்டேன். ஏர்கன்னுக்கு ஏற்றது என்று குறிப்பிடப்பட்ட, 10 கெஜம் வரை திருத்தக்கூடிய 3-9x40 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மில்-டாட் (சம இடைவெளியில் புள்ளிகள் இட்ட) குறுக்குக் கம்பி உள்ளதையா, சாதாரணக் கம்பி உள்ளதையா எடுப்பது? பூட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்? எந்தத் தூரத்துக்கு ஜீரோ செய்வது, அதாவது குறியும் பெல்லட் படும் இடமும் ஒன்றும்படி அமைப்பது, நல்லது?

பதில்: ஒத்தக்கடை

மில்-டாட் எடுங்கள் ஐயா. காரணம் பெல்லட்டின் இறக்கம். நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் புறப்படும் பெல்லட், காற்றின் தடையைச் சேர்க்காமல் கணக்கிட்டாலே, 25 மீட்டருக்குள் சுமார் 5 செ.மீ.யும் 50 மீட்டருக்குள் சுமார் 20 செ.மீ.யும் விழுகிறது. ஸ்கோப் குழலுக்கு மேலே நாலரை செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டு 25 மீட்டருக்கு ஜீரோ செய்தால், 10 மீட்டரில் ஒன்றரை செ.மீ. கீழேயும் 50 மீட்டரில் 5 செ.மீ.க்கு மேல் கீழேயும் படும். காற்றின் தடை 50 மீட்டரில் இதை இன்னும் கூட்டும். ஒவ்வொரு தூரத்துக்கும் குமிழைத் திருப்பிக்கொண்டிருப்பதைவிட, எந்தப் புள்ளியை இலக்கில் வைக்க வேண்டும் என்று சுட்டுப் பார்த்து ஒரு தாளில் குறித்து, கட்டையில் ஒட்டிக்கொள்வது மேல். ஒன்றில் எச்சரிக்கை தேவை: இந்த விலையில் கிடைக்கும் ஸ்கோப்புகளில் கம்பி பெரும்பாலும் இரண்டாம் குவியத் தளத்தில் இருக்கும். உருப்பெருக்கத்தை மாற்றினால் புள்ளிகளின் அளவுக் கணக்கும் மாறிவிடும். ஒரே உருப்பெருக்கத்தில், எடுத்துக்காட்டாக 6 அல்லது 9-இல், நிலைத்து நின்று குறிப்பெடுங்கள்.

மவுண்ட் ஒரே துண்டாக, ரைஃபிளின் மேலுள்ள குழியில் இறங்கும் தடுப்பு ஊசியோடு இருக்கட்டும். ஊசி இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் அதிர்வில் மவுண்ட் மயிரிழை மயிரிழையாக நகர்ந்து, குறி தானாக மாறிக்கொண்டே போகும். ஸ்கோப் கெட்டுவிட்டது என்று பலர் கடைக்குத் திருப்பி அனுப்புவது இதனால்தான். பூட்டுமுன் பள்ளத்திலும் வளையத்திலும் உள்ள எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். வளைய ஆணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்கோப்பின் குழல் நெளிந்துவிடும்.

ஜீரோ செய்யும்போது 10 மீட்டரில் தொடங்கிப் பிறகு 25 மீட்டருக்குப் போங்கள். குமிழின் ஒரு கிளிக், அதாவது கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு), 100 மீட்டரில் 7 மி.மீ.க்குச் சற்று மேல். 10 மீட்டரிலோ 0.7 மி.மீ. மட்டுமே. 10 மீட்டரில் 4 செ.மீ. விலகியிருந்தால் ஐம்பதுக்கு மேற்பட்ட கிளிக்குகள் திருப்ப வேண்டியிருக்கும், குமிழ் வேலை செய்யவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். குமிழைக் கடைசிவரை உயர்த்தியும் பெல்லட் கீழேயே பட்டால், மடக்குக் குழல் சற்றுத் தாழ்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதற்கென்றே பின்பக்கம் உயர்த்திச் செய்யப்பட்ட மவுண்ட் கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள். ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடித்தாலும் தளர்த்திப் பிடித்தாலும் பெல்லட் படும் இடம் மாறும் என்பதால், ஜீரோ செய்யும்போது எப்படிப் பிடித்தீர்களோ அதே தளர்ந்த பிடியில்தான் பிறகும் சுட வேண்டும். முன்கட்டையை மேசையின் மீதோ கல்லின் மீதோ நேராக வைக்காமல், உள்ளங்கையில் ஏந்தி, கைக்கு அடியில் மணல் பையை வைத்துக்கொள்ளுங்கள்.