மேலூர் வீட்டுச் சொந்தங்கள் குழு: தாய்மாமன் பறக்க மாட்டாராம்

கவிதா: நிலாக்குட்டிக்கு காதுகுத்து தை கடைசி ஞாயிறுன்னு முடிவாயிருச்சு. டில்லி ஆர்.கே.புரம் மலை மந்திர்ல. ஃபிளைட் இப்பவே போட்டாத்தான் விலை கம்மி. எத்தனை பேருன்னு இன்னைக்குள்ள சொல்லுங்க எல்லாரும்

ராஜி: 🙏

ராஜி: நாங்க 3

பாண்டி: குலதெய்வம் கோயில விட்டுட்டு டில்லில என்ன காதுகுத்து

கவிதா: சித்தப்பா இத போன வாரமே பேசியாச்சு. அவருக்கு லீவு கிடைக்கல

பாண்டி: போன வாரம் நான் ஆஸ்பத்திரில இருந்தேன். ஒருத்தரும் சொல்லல

ராஜி: பல்லு புடுங்கப் போனாரு. அரை மணி நேரம்

செந்தில்: நான் ஃபிளைட்ல வர மாட்டேன்

செந்தில்: தெரியும்ல

கவிதா: அண்ணே, புள்ளைய யாரு மடியில உக்கார வச்சு குத்துறது? பக்கத்து வீட்டு சர்தார்ஜி மடியிலயா

மீனாட்சி அம்மா: 🎤 1:47

வித்யா: அத்தை, முதல் ஒரு நிமிஷம் குக்கர் சத்தம்தான் கேக்குது

ராஜி: அக்கா என்ன சொல்லுதுன்னா செந்திலுக்கு சின்னதுலேர்ந்தே ராட்டினம் ஆகாதாம். சித்திரைத் திருவிழால வாந்தி எடுத்தானாம்

செந்தில்: அது பஜ்ஜி சரியில்லாம

பாண்டி: ராட்டினம் இல்ல. 2015ல சென்னைல இறங்க விடாம மேலயே முக்கா மணி நேரம் சுத்துனாங்கள்ல. அதுலேர்ந்துதான்

வித்யா: அன்னைக்கு என் கையில பதிஞ்ச நகத்தடம் இன்னும் போகல

கார்த்தி: அண்ணன விடுங்கப்பா. அவரு டென்னிஸ் பெர்க்காம்ப் மாதிரி

ராஜி: அது யாரு, உங்க ஆபீஸ் பையனா

கார்த்தி: அம்மா!! ஹாலந்து ஃபுட்பால்காரரு. 1969ல ஆம்ஸ்டர்டாம்ல பொறந்தவரு. 17 வயசுல அயாக்ஸ் டீமுக்கு ஆட ஆரம்பிச்சாரு. 93ல இத்தாலிக்கு, இன்டர் மிலானுக்குப் போனாரு. அங்க ஒட்டவே இல்ல, ரெண்டு சீசன்ல லீக்ல 52 மேட்ச், 11 கோல்தான். அங்க வெளியூர் ஆட்டத்துக்கெல்லாம் சின்னச் சின்ன விமானம் வேற. நடுவுல 94 வேர்ல்ட் கப்புக்கு அமெரிக்கா போனப்ப, கூட வந்த நிருபர் ஒருத்தன் பையில குண்டு இருக்குன்னு விளையாட்டா சொல்லித் தொலைச்சான். விமானம் தாமதம், ஒரே களேபரம். இதெல்லாம் சேர்ந்து இனி செத்தாலும் விமானம் ஏற மாட்டேன்னுட்டாரு. 95ல லண்டன் அர்செனல் கிளப் 75 லட்சம் பவுண்டு குடுத்து வாங்குச்சு. பறக்க மாட்டார்னு தெரிஞ்சேதான்

ராஜி: சரி

பாண்டி: 75 லட்சமா

கார்த்தி: பவுண்டுப்பா

கவிதா: கார்த்தி, டிக்கெட் எத்தனைன்னுதான் கேட்டேன்

செந்தில்: அப்புறம் எப்படிடா வெளியூர் மேட்ச் ஆடுனாரு

கார்த்தி: இங்கிலாந்துக்குள்ள பஸ்ஸு, ரயிலுண்ணே. ஐரோப்பா மேட்ச்னா காருலயோ ரயில்லயோ எட்டுற ஊருக்குப் போவாரு. எட்டாத ஊருன்னா டீம் போகும், இவரு வீட்ல இருப்பாரு. அதுக்காக வருஷச் சம்பளத்துல ஒரு லட்சம் பவுண்டு புடிச்சுக்கிட்டதா அவரே சொல்லிருக்காரு

வித்யா: ஆங்

வித்யா: இது நல்லாருக்கே

கவிதா: அப்ப அண்ணன் ரயில்ல வந்தா சீர்ல அரை பவுன் கூட 😀

செந்தில்: அங்க சம்பளத்துல குறைச்சாங்க. இங்க ஏன் சீர்ல கூடுது

பாண்டி: நியாயம்

பாண்டி: ஆனா 2009ல கவிதா கல்யாணத்துல செந்தில் போடுறேன்னு சொன்ன பிரிட்ஜ் என்னாச்சு

கவிதா: சித்தப்பா

ராஜி: இப்ப எதுக்கு அது

பாண்டி: கணக்குன்னு வந்தா எல்லாம் வரணும்

*பாண்டி இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்*

மீனாட்சி அம்மா: பிரிட்ஜ் மாப்பிள்ளை வேண்டாம்னு சொன்னாரு வாசிங்மிசின் குடுத்தோம்

வித்யா: நீக்குனது என்ன? பாக்கல

ராஜி: பாக்க வேண்டாம்

கார்த்தி: தலைவரு அர்செனலுக்கு வந்த புதுசுல 7 மேட்ச்ல ஒரு கோல் கூட இல்ல. பேப்பர்ல எல்லாம் கிண்டல். செப்டம்பர் 23ல சவுத்தாம்ப்டனுக்கு எதிரா ரெண்டு கோல் போட்டாரு பாருங்க, அப்புறம் 11 வருஷம் அங்கதான். 423 மேட்ச், 120 கோல். மூணு தடவை லீக் ஜெயிச்சாங்க. அதுல 2003-04ல ஒரு லீக் மேட்ச் கூட தோக்கல. ஒரு மனுஷன் எங்க வர மாட்டான்னு பாக்குறதா, வந்த இடத்துல என்ன செய்யுறான்னு பாக்குறதா?

ராஜி: அக்கா தோடு ஜிமிக்கி மாதிரியா கல்லு வச்சதா

மீனாட்சி அம்மா: சின்னப்புள்ளைக்கு கல்லு குத்தும் வளையமா எடு

கார்த்தி: இதுல பேரு கதை வேற இருக்கு. டெனிஸ் லான்னு ஒரு மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரரு. அவரு மேல அப்பாவுக்குப் பிரியம், அவரு பேரையே புள்ளைக்கு வச்சாரு. பதிவு பண்ற இடத்துல ஒத்துக்கல, அதான் டென்னிஸ்னு ஒரு எழுத்து கூட

வித்யா: உங்க அண்ணனுக்கு ரேஷன் கார்டுல செந்தில்வேலின்னு போட்ட மாதிரி

ராஜி: 😂😂

செந்தில்: அத மாத்தியாச்சு

வித்யா: ஆதார்ல மாத்தல

கவிதா: ஐயோ அப்ப டிக்கெட் எந்தப் பேர்ல போடுறது?

செந்தில்: போடவே வேணாம்னுதான சொல்றேன்

பாண்டி: அந்த ஆளு நாட்டுக்கு ஆடுனானா? வேர்ல்ட் கப்புன்னா உலகம் பூரா போகணும்ல

கார்த்தி: கேட்டீங்களே ஒரு கேள்வி! 98ல பிரான்ஸ்ல நடந்துச்சு, பறக்க வேண்டிய வேலை இல்ல. மார்செய்ல கால் இறுதி, அர்ஜென்டினா. 1-1. ஆட்டம் முடியப் போகுது. கூட ஆடுன ஃப்ராங்க் டி போயர் அந்தக் கோடிலேர்ந்து இந்தக் கோடிக்கு ஒரு அடி அடிக்கிறாரு. மொட்டை மாடிலேர்ந்து போட்ட சாவிக்கொத்த சத்தமில்லாம கையில வாங்குவோம்ல, அந்த மாதிரி கால்ல வாங்குறாரு. ரெண்டாவது தொடுதல்ல, தடுக்க வந்த அர்ஜென்டினாக்காரன் அயாலா அந்தப் பக்கம் போயிட்டான். மூணாவது வலது கால் வெளிப்பக்கத்தால கோலுக்குள்ள. மூணே தொடுதல். 2-1. அடிச்சுட்டு ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிட்டு மல்லாந்துட்டாரு. மொத்தம் நாட்டுக்கு 79 மேட்ச், 37 கோல். அடுத்த வேர்ல்ட் கப் 2002ல ஜப்பான், கொரியா. ரயில் போகாது. 2000 யூரோ கப் முடிஞ்சதுமே கும்பிடு போட்டுட்டாரு. ஹாலந்து 2002க்கு தகுதியே பெறல

வித்யா: தாய்மாமன் இல்லாத காதுகுத்து

கவிதா: 😭 அதத்தான் அண்ணி நானும் சொல்றேன்

செந்தில்: நான் வர மாட்டேன்னு சொன்னேனா? ஃபிளைட்ல வர மாட்டேன்னேன்

மீனாட்சி அம்மா: அந்த டச்சுத் தம்பிக்கு புள்ள இருக்கா

கார்த்தி: இருக்கு பெரியம்மா. ஏன்

மீனாட்சி அம்மா: சும்மா கேட்டேன்

ராஜி: ரயில்னா எவ்வளவு நேரம்டா

கார்த்தி: சென்னைலேர்ந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ராத்திரி 10 மணிக்கு. சுமார் 33 மணி நேரம். நாக்பூர், போபால் வழி. அதுக்கு முன்னாடி மதுரை டு சென்னை ஒரு ராத்திரி

பாண்டி: கீழ் பர்த் இருந்தா நானும் செந்திலோட வர்றேன்

ராஜி: உங்களுக்கு ஃபிளைட்ல என்ன பயம்

பாண்டி: பயமில்ல. ஊரு பாத்துட்டு வரலாம்

ராஜி: பயம்தான்

வித்யா: அப்ப பெயிண்ட் கடைய யாரு பாக்குறது? போக வர மட்டும் ஆறு நாள். தை மாசம் பூரா புது வீடு, வெள்ளையடிப்பு, டப்பா டப்பாவா போகும்

செந்தில்: குமாரு பாத்துக்குவான்

வித்யா: போன தடவை குமார் பாத்துக்கிட்டப்ப எமல்ஷன் கேட்டவருக்கு பிரைமரக் குடுத்தனுப்புனான்

கவிதா: அண்ணே ஃபைனலா சொல்லு. 60 நாளைக்கு முன்னாடிதான் ரயில் புக்கிங் திறக்கும். இந்த வாரம் விட்டா வெயிட்டிங் லிஸ்ட்தான்

செந்தில்: பாக்குறேன்

கவிதா: பாக்குறேன்னா?

பாண்டி: பாக்குறேன்னா பாக்குறேன்தான். பிரிட்ஜுக்கும் இதான் சொன்னான்

ராஜி: ஏங்க

கார்த்தி: இத மட்டும் சொல்லிடுறேன். 2014ல லண்டன்ல ஸ்டேடியத்துக்கு வெளிய அவருக்கு வெண்கலச் சிலை வச்சாங்க. எப்படி வச்சாங்க தெரியுமா? அந்தரத்துல எகிறி பந்த கால்ல வாங்குற மாதிரி

செந்தில்: உசுரோட இருக்கறவன கேக்காம பறக்க விட்டுட்டாங்க பாரு

வித்யா: 😂

செந்தில்: அந்த அர்ஜென்டினா கோல் இருந்தா அனுப்பு

கார்த்தி: அனுப்புறேண்ணே. 2002ல நியூகாசில் டீமுக்கு எதிரா போட்ட கோலும் பாருங்க. கூட ஆடுற பிரெஸ் பந்து குடுக்குறாரு. கோலுக்கு முதுகு காட்டி நின்ன இவரு பந்த, தடுக்க வந்த டபிசாஸுக்கு ஒரு பக்கமா தட்டி விட்டுட்டு, தான் மறுபக்கமா சுத்தி வந்து பந்தப் புடிச்சுப் போடுவாரு

ராஜி: அக்கா பட்டு எடுக்க நாளைக்கு போவமா

மீனாட்சி அம்மா: 🎤 0:52

கவிதா: சித்தி நீங்க 3ன்னு போட்டீங்க. சித்தப்பா ரயில்னா 2ஆ?

ராஜி: இரு அவர்ட்ட கேட்டு சொல்றேன்

கவிதா: பக்கத்துலதான இருக்காரு

ராஜி: பேச மாட்டேங்குறாரு

கவிதா: அண்ணே?

கவிதா: அண்ணே டிக்கெட்?

வித்யா: ஷட்டர பாதி இறக்கிட்டு உக்காந்து அந்த நியூகாசில் கோலையே திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருக்காரு. இப்ப ஒண்ணும் கேக்காத. குமாரையும் கூப்புட்டுக் காட்டுறாரு