ஃபால்ட் ட்ரீ போட்டவங்க, கூட்டத்துல உட்கார்ந்தவங்க: பார்த்ததைச் சொல்லுங்க

தீவுக்காரன்:
சிங்கப்பூர் ஜூரோங் தீவுல ரிலையபிலிட்டி வேலை, அதாவது எந்தக் கருவி எப்படிக் கெடும்னு பார்க்கிறது. புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன், "ஃபால்ட் ட்ரீ எல்லாம் கன்சல்டன்ட் போட்டுத் தர்றதுதானேண்ணே, நமக்கு அதுல என்ன வேலை?"ன்னு கேட்டான். ஃபால்ட் ட்ரீன்னா, ஒரு விபத்தை உச்சியில எழுதிட்டு, அது எதெதனால நடக்கும்னு கீழ கிளை பிரிச்சுப் போடுற படம். அவனுக்குச் சொன்ன கதையை இங்கயும் போடுறேன்.

முன்னாடி இருந்த கம்பெனியில நடந்தது. வாயுவை அழுத்துற கம்ப்ரெசருக்கு முன்னால நாக்-அவுட் ட்ரம்னு ஒண்ணு இருக்கும். வாயுவோட சேர்ந்து வர்ற திரவத்தைப் பிடிச்சு வைக்கிறது அதோட வேலை. அது நிரம்பி திரவம் கம்ப்ரெசருக்குள்ள போச்சுன்னா மெஷின் காலி. சீல் கிழிஞ்சு வாயு வெளிய வந்தா பக்கத்துல நிக்கிற ஆளுக்கும் ஆபத்து. அதனால உச்சிப் பெட்டியில "கம்ப்ரெசருக்குள் திரவம் போதல்"னு எழுதிட்டு, இது எப்படியெல்லாம் நடக்கும்னு கீழ கீழ பிரிச்சுக்கிட்டே போனோம். லெவல் கன்ட்ரோல் கெடணும், அலாரம் வந்தும் ஆபரேட்டர் கோட்டை விடணும், கடைசியா மெஷினைத் தானா நிறுத்துற ட்ரிப்பும் கைவிடணும். மூணும் சேர்ந்தாத்தான் விபத்து, அதனால ஆண்ட் கேட். சுமாரா சொல்றேன்: கன்ட்ரோல் கெடுறது வருஷத்துக்கு 0.1, ஆபரேட்டர் கோட்டை விடுறது 0.1, ட்ரிப் கைவிடுறது 0.01. பெருக்கினா 0.0001. அதாவது பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை. எல்லார் முகத்துலயும் திருப்தி. மைலோ வந்துச்சு, குடிச்சோம்.

மூலையில ஒரு இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அதுவரைக்கும் வாயே திறக்கலை. "சார், கன்ட்ரோல் ட்ரான்ஸ்மிட்டரும் ட்ரிப் ஸ்விட்ச்சும் ஒரே பிரைடில்லதானே தொங்குது?"ன்னார்.

கூட்டத்தைப் பாதியில விட்டுட்டு எல்லாரும் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுப் போய்ப் பார்த்தோம். ட்ரம்முக்கு வெளிய செங்குத்தா ஒரு குழாய், அதுதான் பிரைடில். மேலயும் கீழயும் அதை அடைக்க ஒவ்வொரு ஐசொலேஷன் வால்வு, ரெண்டு கருவியும் அந்தக் குழாய்லதான். டிராயிங்குல தனித்தனி டேக் நம்பர் இருந்ததால ஆபீஸ்ல யாருக்கும் தோணலை. கீழ் வால்வோட கைப்பிடியில பூட்டுப் போட ஓட்டை இருந்துச்சு, பூட்டு இல்ல. சர்வீஸ் முடிஞ்சு அந்த ஒரு வால்வைத் திறக்க மறந்தா போதும். ட்ரம்முல திரவம் ஏறிக்கிட்டே இருக்கும், குழாய்ல பழைய மட்டமே நிக்கும். கன்ட்ரோல் அதை நம்பும், அலாரம் அடிக்காது, ட்ரிப்பும் எழுந்திருக்காது. ஆபரேட்டர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் பார்க்க ஒண்ணுமே இருக்காது.

வருஷத்துக்கு ஒரு சர்வீஸ், நூறு தடவைக்கு ஒரு தடவை மறப்பாங்கன்னு வெச்சுக்கிட்டாலே 0.01. நாங்க பெருமையா எழுதி வெச்சதை விட நூறு மடங்கு. மூணு தடுப்பும் ஒரு வால்வுக்குள்ள அடங்கிப்போச்சு. அடுத்த ஷட்டவுன்ல ட்ரிப் ஸ்விட்ச்சை ட்ரம்மோட நேரா இணைக்கத் தனி நாசில் போட்டாங்க. அதுவரைக்கும் வால்வைத் திறந்த நிலையில கார் சீல் (உடைச்சாத்தான் வால்வைத் திருப்ப முடியற முத்திரை) போட்டு, ரிஜிஸ்டர்ல கையெழுத்து.

துவாஸ்_கிரேன்:
அண்ணே, நம்ம யார்டுல இவ்வளவு கணக்கெல்லாம் கிடையாது. ஆனா ஹூக் மேல போய் முட்டாம இருக்க லிமிட் ஸ்விட்ச் இருக்குல்ல, அதைக் கேபிள் டை போட்டுக் கட்டி வெச்சிருந்ததை நானே பார்த்திருக்கேன். அடிக்கடி கட் ஆகி வேலை நிக்குதாம். பேப்பர்ல அந்த ஸ்விட்ச் கெடுறதுக்குத்தான் நம்பர் போட்டிருப்பாங்க. கட்டி வெக்கிறதுக்கு எந்தப் பெட்டி?

தீவுக்காரன்:
அதே கேட்டுக்குக் கீழ தனிப் பெட்டி, தம்பி. "ஸ்விட்ச் கெடுதல்" ஒண்ணு, "ஸ்விட்ச் பைபாஸில் இருத்தல்" ஒண்ணு, நடுவுல ஆர் கேட். கூட்டிக்கணும். பல இடத்துல ரெண்டாவதுதான் பெருசா வரும்.

இங்கிலாந்துல பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு, 2005 டிசம்பர் 11. பெட்ரோல் டேங்க் நிரம்பி வழிஞ்சு வெடிச்சது. லெவல் கேஜ் சிக்கிக்கிச்சு. அதுக்கு மேல தனியா இருந்த ஹை லெவல் ஸ்விட்ச்சும் வேலை செய்யலை, ஏன்னா அதோட சோதனை நெம்புகோலை அதன் இடத்துல பிடிச்சு வைக்க வேண்டிய பூட்டு மாட்டப்படலை. அந்த கேஜ் ஆகஸ்ட் கடைசியிலிருந்து 14 தடவை சிக்கியிருந்ததுன்னு விசாரணையில வந்துச்சு. ஞாயித்துக்கிழமை விடியக்காலைங்கறதால ஒருத்தரும் சாகலை, 40 பேருக்கு மேல காயம்.

பிரேடல்_வாசி:
அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம சிங்கப்பூர்லயே நடந்துச்சு. 2017 அக்டோபர் 7, சனிக்கிழமை மழை. பீஷானுக்கும் பிரேடலுக்கும் நடுவுல எம்ஆர்டி சுரங்கத்துல தண்ணி புகுந்து, அங் மோ கியோ முதல் நியூட்டன் வரைக்கும் ரயில் நின்னது. மறுநாள் மத்தியானம்தான் சரியாச்சு. மழைத் தண்ணி சேர்ற தொட்டியிலிருந்து அதை வெளியேத்த பம்பு ஒண்ணுக்கு மேல இருந்துச்சு. ஆனா தண்ணி ஏறினதும் பம்பை ஓட்டிவிட வேண்டிய மிதவை ஸ்விட்ச்சுங்க வேலை செய்யலை. எத்தனை பம்பு வெச்சாலும் ஸ்விட்ச் சொன்னாத்தானே ஓடும்!

எனக்கு அதைவிட உறுத்தினது வேற. பராமரிப்பு நடந்ததா பதிவுல இருந்துச்சு, நிஜத்துல நடக்கலைன்னு பின்னால வெளிவந்துச்சு. பால்டெக்னிக்ல பசங்களுக்கு இதை வெச்சுத்தான் சொல்றேன். தேவைப்படும்போது மட்டும் எழுந்திருக்கிற கருவி செத்துக்கிடந்தாலும் வெளிய தெரியாது, சோதிச்சாத்தான் தெரியும். அது கைவிடுற வாய்ப்பு, கெடும் வீதத்தைச் சோதனை இடைவெளியால பெருக்கி ரெண்டால வகுத்தா வரும். வருஷத்துக்கு 0.02 வீதம் கெடுற ஸ்விட்ச்சை வருஷா வருஷம் சோதிச்சா 0.01. அஞ்சு வருஷம் தொடாம விட்டா 0.05. ட்ரீயில ஒரு கோடுகூட மாறியிருக்காது, பாருங்க.

நைட்ஷிப்ட்:
நான் கொஞ்சம் கசப்பாவே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் பார்த்த ஒரு இடத்துல பதில் முதல்லயே முடிவாயிடுச்சு. உச்சிப் பெட்டி நம்பர் வருஷத்துக்கு 0.00001க்குக் கீழ வரணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. முதல் தடவை வரலை. உடனே ஆபரேட்டர் தவறுற வாய்ப்பு 0.1லிருந்து 0.01 ஆச்சு, "நல்ல பயிற்சி பெற்றவர்"னு ஒரு வரி. இன்னும் கொஞ்சம் குறையணும்னு டெஸ்ட் இடைவெளியைச் சுருக்கி எழுதினாங்க. அந்த டெஸ்ட்டுக்கு ஆளும் போடலை, தேதியும் போடலை. ரிப்போர்ட் என்னவோ அழகாத்தான் இருந்துச்சு. ராத்திரி மூணு மணிக்கு நாலு அலாரம் சேர்ந்து அடிக்கும்போது அந்த 0.01 ஆபரேட்டர் நான்தான்.

தீவுக்காரன்:
கோவம் எதுக்குங்க, நானும் அந்த மாதிரி ரிப்போர்ட் படிச்சிருக்கேன். அதனாலதான் யாராவது ரிப்போர்ட் கொடுத்தா கடைசிப் பக்கத்து நம்பரை நான் முதல்ல பார்க்கிறதில்ல. கட் செட் பட்டியலைத்தான் புரட்டுவேன். எந்தெந்தக் கோளாறு சேர்ந்தா உச்சிப் பெட்டி வரைக்கும் போகும்ங்கற பட்டியல் அது. ஒரே ஒரு கோளாறு தனியா மேல போகுதுன்னா, அதுக்குப் பக்கத்துல 0.00001னு போட்டிருந்தாலும் அங்கயே நின்னு கேள்வி கேட்பேன். 2017ல பெரிய அபாய ஆலைகளுக்குன்னு இங்க சட்ட விதி வந்தப்புறம் சேஃப்டி கேஸ், அதாவது ஆலை பாதுகாப்பா இருக்குன்னு காட்டுற அறிக்கை, எழுதறவங்க பெருகிட்டாங்க. படிக்கிறவங்கதான் குறைச்சல்.

பாலி_மாணவி:
எஃப்எம்இஏவும் (ஃபெய்லியர் மோட்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ் அனாலிசிஸ்) ஃபால்ட் ட்ரீயும் ஒண்ணுதானா? ப்ராஜெக்ட்டுக்கு எது எடுக்கலாம்? எதைப் படிக்கணும்?

தீவுக்காரன்:
இல்லம்மா. எஃப்எம்இஏ ஒவ்வொரு பாகமா எடுத்து, இது கெட்டா என்ன ஆகும்னு மேல போகும். ஃபால்ட் ட்ரீ, ஆகக்கூடாத ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு எதனால ஆகும்னு கீழ இறங்கும். ரெண்டு கோளாறு கூட்டு சேர்றது ட்ரீயிலதான் பளிச்சுன்னு தெரியும். 1960கள்ல பெல் ஆய்வுக்கூடத்துல வாட்சன்ங்கறவர் மினிட்மேன் ஏவுகணைக்காக ஆரம்பிச்ச முறை இது. ஏவுகணை தானா கிளம்பிடக் கூடாதேன்னு. படிக்கறதுக்கு, 1981ல அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் போட்ட கையேடு இணையத்துல இலவசமாவே கிடைக்கும். ப்ராஜெக்ட்டுக்கு உச்சிப் பெட்டியைச் சின்னதா வெச்சுக்கோ. "லிஃப்ட் கோளாறு"ன்னு எழுதினா முடியவே முடியாது. "கதவு திறந்திருக்கும்போது லிஃப்ட் நகர்தல்"னு எழுது.

துவாஸ்_கிரேன்:
அண்ணே, கடைசியா ஒண்ணு. எங்க சேஃப்டி கோஆர்டினேட்டர் இந்த மாதிரி ஒண்ணு போடலாம்னு சொல்றார். பசங்களைக் கூப்பிட்டா ஒருத்தனும் வர மாட்டேங்கிறான். ஷிப்ட் முடிஞ்சு ஆறரை மணிக்கு மேல கூட்டம், டார்மிட்டரி லாரி ஏழு மணிக்குக் கிளம்பிடும்.

தீவுக்காரன்:
வேலை நேரத்துலயே வைக்கச் சொல்லு. முடியாதுன்னா ஓவர்டைம் எழுதி, திரும்பிப் போக வண்டியும் ஏற்பாடு பண்ணச் சொல்லு. சூப்பர்வைசர் இல்லாம முதல் அரை மணி நேரம் தமிழ்லயே பேச விடுங்க. அந்தக் கேபிள் டை கதை அப்பத்தான் வெளிய வரும்.