சுங்கை சிப்புட் உறவுகளே, உயில் எழுதும் நாளுக்கு ஆள் தேவை

தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கோவில் மண்டபத்தில் உயில் எழுத உதவுகிறோம். முதல் தேவை சாட்சிகள். எழுதுபவர் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைக்கும்போது இருவர் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். சொத்து பெறப்போகிறவரும் அவருடைய கணவன், மனைவியும் சாட்சியாகக் கூடாது. மீறி ஆனால் உயில் நிற்கும், ஆனால் அவர்கள் பங்கு போய்விடும். 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் அப்படி. மகனையும் மருமகளையும் சாட்சியாக அழைத்து வருகிறார்கள், அதனால்தான் வெளியாட்களைக் கேட்கிறோம்.

மலாய் படிக்கத் தெரியாதவர்களுக்கு உயிலைத் தமிழில் வாசித்து விளக்க ஒருவர் வேண்டும். விளக்கியதை உயிலிலேயே ஒரு வரியாக எழுதுவோம்.

நில அலுவலகத்தில் வேலை பார்த்த அண்ணன், அக்கா யாராவது இருக்கிறீர்களா? உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் நிலம் இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் சொத்தைப் பிரித்துத் தரக் கேட்கும் விண்ணப்பமான பாரம் ஏ-யை அங்கேயே கொடுக்கலாம். அதை நிரப்பத்தான் பலர் திணறுகிறார்கள்.

பவர் ஆஃப் அட்டர்னி (நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) இருக்கிறதே, உயில் எதற்கு என்று கேட்பவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: கொடுத்தவர் இறந்தால் அது பொதுவாகச் செல்லாது. நினைவு தப்பினாலும் அப்படியே; பிறகு அவர் சொத்து விஷயத்துக்கு உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயிலும் கல்யாணத்தோடு பெரும்பாலும் ரத்தாகிவிடும்.

வரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள். ஐசி (அடையாள அட்டை) கொண்டு வாருங்கள்.