ஆஸ்பத்திரி இலவசம், ஆனாலும் தோட்டத்துப் பெரியவர்கள் கிளினிக்கை விட்டுவிடுவது ஏன்?

மஸ்கெலியாக்காரன்:
பேராதனையில் பொருளியல் கடைசி வருடம். மலையகத் தேயிலைத் தோட்டப்புறத்தில் 60 வயது தாண்டியவர்களின் மருத்துவச் செலவுதான் ஆய்வுக்கு எடுத்த தலைப்பு. 2019 வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பில் இலங்கை முழுக்க வறுமை 14.3 வீதம், தோட்டத்தில் மட்டும் 33.8. அப்படியென்றால் வைத்தியச் செலவு இவர்களை நசுக்கும் என்று நினைத்துத்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய்க் கேட்டேன். பாதிப்பேர் "செலவா? ஒன்றும் இல்லை" என்கிறார்கள். பொறுப்பாசிரியர் அதைப் பார்த்துவிட்டு, அரச வைத்தியசாலை இலவசம் என்பதால் எல்லாருக்கும் சேவை கிடைக்கிறது, அப்படியே எழுது என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் அம்மாயிக்கு பிரஷர், சீனி ரெண்டும் இருக்கிறது, ஒரு மாசம் கிளினிக் போனால் அடுத்த ரெண்டு மாசம் போகமாட்டார். அவருடைய செலவும் பூஜ்யம்தான். இதை எப்படி விளக்குவது?

டிக்கோயா மருமகள்:
தம்பி, கூடப் போகிறவளிடம் கேட்டீங்களா? எங்கள் டிவிஷனுக்கு பஸ் வராது. மாமியை மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோகவே ஆட்டோ பிடிக்கணும், திரும்பி வரவும் அதே. கிளினிக்கில் நம்பர் எடுக்க விடியவே நிற்கணும், முடிந்து வரும்போது மத்தியானக் கொழுந்தும் நிறுவை முடிந்துவிடும், அன்றைக்கு எனக்குப் பேர், அதாவது நாள் சம்பளம், கிடையாது. அவர் தனியாகப் போகட்டும் என்று விடவும் முடியாது, டாக்டர் சிங்களத்தில் கேட்பார், இவர் எல்லாத்துக்கும் தலையாட்டிவிட்டு வருவார், கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதோ இங்கிலீஷ். அப்புறம் ஒரு மாத்திரை அங்கே முடிந்திருந்தால் துண்டு எழுதித் தருவார்கள், டவுன் பாமசியில் வாங்கணும்.

அதனால் மாமி என்ன செய்கிறார் தெரியுமா, ஒரு மாச மருந்தை ரெண்டு மாசத்துக்கு இழுக்கிறார். தலை சுற்றும் நாளைக்கு மட்டும் பிரஷர் மாத்திரை, அதையும் பாக்கு வெட்டியால் பாதியாக வெட்டி. மிச்சப் பாதி பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் இருக்கும். நீங்கள் வந்து கேட்டால் அவரும் செலவில்லை என்றுதான் சொல்லுவார்.

கணக்கு மாமா:
மேலே அந்தத் தங்கச்சி சொன்னதில்தான் உங்கள் ஆய்வே இருக்கிறது. சொந்தப் பையிலிருந்து போகும் மருத்துவச் செலவு என்று உலக சுகாதார நிறுவன முறைப்படி எடுப்பதில் ஆட்டோக் காசும் சேராது, இழந்த நாள் சம்பளமும் சேராது. வீட்டுச் செலவில் 10 வீதத்துக்கு மேல் வைத்தியத்துக்குப் போனால் அது பெருஞ்செலவு என்பது ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 2025 வரை வைத்திருந்த அளவுகோல். போகாமல் விட்டவர் அதில் செலவே இல்லாத ஆள், அதாவது நன்றாக இருக்கிற ஆள் மாதிரி பதிவாகிவிடுவார். ஆசிய நாடுகளோடு ஒப்பிட்டால் இலங்கையில் பெருஞ்செலவில் விழும் குடும்பங்கள் குறைவு என்று ஆய்வுகளில் வருவதில் உண்மை இருக்கிறது, ஏழைகள் அரச ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், அங்கே கட்டணமில்லை. ஆனால் அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு மஸ்கெலியா மலை உச்சியைப் பேசக்கூடாது.

செலவை விடுங்கள், கிளினிக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். அடுத்து வரவேண்டிய திகதி அதில் எழுதியிருக்கும், உண்மையில் வந்த திகதியும் இருக்கும். ரெண்டுக்கும் உள்ள இடைவெளியை எண்ணுங்கள். ஞாபகத்தில் இருந்து சொல்லும் பதிலைவிட அது நூறு மடங்கு நல்ல தரவு. வீட்டில் பேர் போடும் ஆட்கள் எத்தனை, ரோட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதோடு அதைப் பொருத்திப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஈ.எம்.ஏ:
தோட்ட டிஸ்பென்சரியில் ஈ.எம்.ஏ. ஆக, அதாவது தோட்ட வைத்திய உதவியாளராக, வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். தோட்ட வைத்திய ஏற்பாடு முதியவர்களுக்காக உண்டானதே இல்லை. 1912 மருத்துவத் தேவைகள் சட்டம் வெள்ளைக்காரன் தொழிலாளியை உயிரோடு வைத்திருக்கப் போட்டது. 1972, 75இல் அரசு தோட்டங்களை எடுத்தது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, அப்போதும் எங்கள் கவனம் எல்லாம் கர்ப்பிணி, கைக்குழந்தை, தடுப்பூசி. அதில் நல்ல பலன் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் வேலையிலிருந்து பேர் வெட்டியவர், லயத்தில் இருந்தாலும் தோட்டத் துரைக்குக் கணக்கில் இல்லாத ஆள். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு மொத்தமாகக் கைக்கு வரும், மகள் கல்யாணத்திலும் கூரைத் தகரத்திலும் போய்விடும், மாசாமாசம் வரும் பென்ஷன் கிடையாது. அதற்குப் பிறகு கிளினிக் போக மகன் கையைத்தான் பார்க்கணும். மகன் கொழும்பில் ஏதாவது ஒரு கடையில் நிற்பான்.

மஸ்கெலியாக்காரன்:
கொப்பி யோசனை அருமை, நாளைக்கே அம்மாயியுடையதில் தொடங்குகிறேன். இன்னொன்று, 2020 கொரோனா ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எழுதலாமா?

டிக்கோயா மருமகள்:
எழுதுங்கள், ஆனால் லயத்துக்கு ஏது முகவரி? எங்களுக்கு வரும் கடிதம் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும், யாராவது அந்தப் பக்கம் போனால் கைக்கு வரும். என் மகளுடைய கேம்பஸ் கடிதமே அங்கே கிடந்து தாமதமாகத்தான் வந்தது. அதைவிட மாசத்தில் ஒரு நாள் டிஸ்பென்சரியிலேயே பிரஷர் பார்த்து மருந்தும் குடுத்தால் போதும், மாமி நடந்தே போய்விடுவார்.